செல்லும் இடம்

பை என்னுடையது, பைசா டிப்போவினுடையது.
பதினாறு வருஷமாக மார்த்தாண்டம் – தேங்காப்பட்டணம்.
பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு
சில்லறைச் சண்டை
ஆண்களோடு மட்டும்.

பத்து ரூபாய் நாணயத்தை நீட்டுவார்கள்.
வாங்காமல் இருக்க முடியாது, உத்தரவு உண்டு.
அதையே மீதியாகத் திருப்பித் தந்தால்
"இது எடுக்காது அண்ணே, நோட்டாத் தாங்க" என்று
உள்ளங்கையை மூடிக்கொள்வார்கள்
சூடு பட்டதுபோல.

இரவு கணக்கு முடிக்கையில்
கேஷியருக்கும் முகம் சுளியும்.
என் சொந்த நோட்டை வைத்துவிட்டு
நாணயங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.
வீட்டில் ஆன்லினுக்கு ஒரு பிளாஸ்டிக் யானை,
முதுகில் கீறல், வயிற்றில் மூடி.
"சேத்து வை மக்களே."
சேமிப்பு என்பது
நான் அதற்கு வைத்த பெயர்.

நாற்பது சேர்ந்த அன்று
மார்த்தாண்டத்தில் இறகுப்பந்து மட்டை வாங்கப் போனோம்.
ஐந்தைந்தாக அடுக்கினாள், எட்டு கோபுரம்.
கடைக்காரர் ஒரு விரலால்
எட்டையும் எங்கள் பக்கம் தள்ளினார்.
மட்டை மறுபடி ஆணிக்குப் போனது.

"இது கள்ளப் பைசாவா அப்பா?"
"இல்ல."
"சிங்கம் இருக்கு, பத்துண்ணு எழுதியிருக்கு.
அவருக்கு வாசிக்கத் தெரியாதா?"
"தெரியும்."
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
மீன்சந்தை தாண்டிய பிறகு,
முதுகுக்குப் பின்னாலிருந்து:
"ஆருமே வாங்கல்லண்ணுதான்
எனக்குத் தந்தீங்களா?"

ஹாரன் அடித்தேன்.
முன்னால் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து,
குழித்துறைப் பாலம், படந்தாலுமூடு, களியக்காவிளை.
செக்போஸ்ட்டில் கோழி லாரிகள் நின்றன.
அதற்கு அப்பால் இஞ்சிவிளை, ஒரு சின்னக் கடை.
எட்டு கோபுரம் கட்டுவதற்குள்
"மதி மோளே" என்று
கடைக்காரர் மொத்தத்தையும் வழித்து
மேசை டிராயரில் கொட்டினார்.
அந்தச் சத்தத்தை
அவள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவரு நல்லவரா?"
"அப்படி இல்ல. இங்க செல்லும்."
"எங்கேருந்து செல்லும்?
செக்போஸ்ட்டுல வச்சா அது பைசா ஆச்சு?"
திரும்பிப் பார்த்தேன்.
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
ஒரே ரப்பர் மரம், ஒரே தார்,
ஒரே மாதிரி பழம்பொரி வாசனை.
கோடு எங்கே என்று
என்னால் கை காட்ட முடியவில்லை.

மட்டை முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
மீதி மூன்று ரூபாய்க்கு
மூன்று நாரங்கா மிட்டாய்.
இரண்டைத் தின்றாள்.
மூன்றாவதைக் கைக்குள் வைத்தபடி
வழி முழுக்க என்னமோ யோசனை.

எங்கள் முக்கில் தாசையன் கடை.
மிட்டாயை நீட்டி, அழிரப்பர் கேட்டாள்.
"அன்னைக்கு மீதிக்கு நீங்களும் மிட்டாய்தானே தந்தீங்க?"
தாசையனுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.
அடங்கியதும்
ஒரே விரலால் அதை
எங்கள் பக்கம் தள்ளினார்.

ராத்திரி அது யானைக்குள் போனது.

விடியற்காலை முதல் ட்ரிப்.
பையை மாட்டும்போது பார்த்தேன்,
சுவரிலிருந்து யானையின் முதுகுவரை
எறும்பு வரிசை.
ஒன்றுகூட சிங்கம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.
பாயிலிருந்தே ஆன்லின் சொன்னாள்,
"இவங்க எடுக்கிறாங்க அப்பா."

சட்டைப்பையில் நேற்றைய நாணயம் மூன்று கிடந்தது.
எடுத்தேன். போடத் தோன்றாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

எழுந்து வந்து உள்ளங்கையை விரித்தாள்.
"தாங்க.
எங்க செல்லும்ணு எனக்குத் தெரியும்."